வாழைக்கு வந்த வாடல்: எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கிறது?

“வாழைப்பழம் அழியப் போகிறது” என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கொஞ்ச நாள் கழித்து, “நோய் தாக்காத மரபணு மாற்ற வாழைக்கு ஆஸ்திரேலியாவில் அனுமதி” என்று இன்னொன்று வருகிறது. முதலாவதைப் படித்தவருக்குப் பயம். இரண்டாவதைப் படித்தவருக்கு நிம்மதி, அல்லது கோபம். இரண்டிலுமே பாதிக் கதைதான் இருக்கிறது. பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் தார் தாராகத் தொங்கும் கடையைத் தினமும் கடந்து போகிறவருக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி: எந்த வாழை அழியப் போகிறது?

அதற்குப் பதில் சொல்ல, வாழை எப்படிப் பெருகுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தாவரவியலில் வாழை மரம் இல்லை, பெரிய செடி. யாராவது பிடித்துக்கொள்வதற்கு முன் சொல்லிவிடலாம். பேச்சு வழக்கில் அது மரம்தான், இங்கும் அப்படியே இருக்கட்டும்.

## விதையில்லாப் பழம் வந்த விதம்

நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவை இரண்டு காட்டு இனங்களின் வழி வந்தவை. ஒன்று மூசா அக்யூமினாட்டா. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து நியூ கினி வரை உள்ள மழைக்காடுகள் அதன் வீடு. மற்றொன்று மூசா பால்பிசியானா. இது கொஞ்சம் முரட்டு ஜாதி, வறட்சி தாங்கும். காட்டு வாழைப் பழத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே மிளகைவிடப் பெரிதாகக் கறுப்பு விதைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். கடித்தால் பல் போய்விடும். சதை என்று சொல்ல ஒரு பூச்சுத்தான்.

இந்தப் பழத்தில் எப்போதோ விதை குறைந்து, மகரந்தம் சேராமலேயே சதை திரளும் செடிகள் தோன்றின. மனிதர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, கன்றைப் பெயர்த்துக் கொண்டுபோய் வீட்டோரம் நட்டார்கள். பப்புவா நியூ கினியின் குக் சதுப்பு நிலத்தில் 6500 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. ஊர் விட்டு ஊர் போனபோது அக்யூமினாட்டாவும் பால்பிசியானாவும் கலந்தன. அந்தக் கலப்பைக் குறிக்கத்தான் ஏ, பி என்ற எழுத்துகள். 1955-இல் நார்மன் சிம்மண்ட்ஸ், கென்னத் ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏற்படுத்திய முறை இது. ஏ என்றால் அக்யூமினாட்டாவிலிருந்து வந்த ஒரு தொகுதி குரோமோசோம், பி என்றால் பால்பிசியானாவிலிருந்து வந்தது. ஒரு தொகுதிக்கு 11 குரோமோசோம்கள்.

செவ்வாழை ஏஏஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி எல்லாம் ஏஏபி. கற்பூரவள்ளி ஏபிபி. கன்னியாகுமரி மட்டி மட்டும் ஏஏ, இரண்டே தொகுதி.

எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். கடையில் தொங்குபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று தொகுதி, அதாவது 33 குரோமோசோம்கள். விதை உண்டாக வேண்டுமென்றால் செடி தன் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரித்து மகரந்தத்துக்கும் சூலுக்கும் கொடுக்க வேண்டும். இரண்டு தொகுதி இருந்தால் ஆளுக்கொன்று. மூன்று இருந்தால் பாகப் பிரிவினை நடக்காது. அதனால் விதை இல்லை. நமக்கு வசதி. கற்பூரவள்ளி சாப்பிடும்போது எப்போதாவது பல்லில் ‘டக்’ என்று தட்டுமே ஒரு கறுப்புக் கல், அது இந்தக் கணக்கு அபூர்வமாகத் தப்பி விதையாகிவிட்டதன் அடையாளம்.

விதை இல்லாத செடிக்கு வாரிசு பக்கக்கன்று மட்டுமே. கிழங்கிலிருந்து கிளம்பும் கன்று தாயின் அச்சு அசல் நகல். அதன் கன்றும் அப்படியே. “வாழையடி வாழையாக” என்று வாழ்த்துகிறோமே, அறிவியல் மொழியில் அதற்குப் பெயர் குளோன். ஒரு மாவட்டம் முழுக்க நிற்கும் ரஸ்தாளிகள் லட்சம் மரங்கள் அல்ல. ஒரே மரம் லட்சம் இடத்தில் நிற்கிறது.

## நகலாக இருப்பதில் என்ன கெடுதல்?

பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே நுழைந்ததும் செடி சும்மா இருப்பதில்லை. வந்தவனை அடையாளம் காணும் புரதங்கள் அதன் செல்களில் உண்டு. கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்துச் செல்களைத் தானே கொன்று வழியை அடைக்கும், நச்சுப் பொருள் சுரக்கும், சாற்றுக் குழாய்களைப் பிசினால் மூடும். இந்த அடையாளம் காணும் புரதங்களை உண்டாக்குபவற்றுக்கு எதிர்ப்பு மரபணுக்கள் என்று பெயர். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கிருமியை, சில சமயம் அதிலும் ஒரு குறிப்பிட்ட வகையை மட்டுமே அறியும்.

விதையில் பிறக்கும் செடிக் கூட்டத்தில் இந்த மரபணுக்கள் ஆளுக்கொரு விதமாக விழுந்திருக்கும். புதிய நோய் வந்தால் நூறில் எண்பது சாகலாம். மிஞ்சிய இருபது அடுத்த தலைமுறைக்கு விதை போடும். இப்படிக் கூட்டத்துக்குள் மரபணுக்கள் வேறுபட்டுக் கிடப்பதைத்தான் மரபணுப் பன்மை என்கிறோம். குளோனில் அந்தச் சீட்டுக் குலுக்கலே கிடையாது. ஒரு மரத்தைச் சாய்க்கத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லா மரத்தையும் சாய்க்கத் தெரியும்.

## ஒரு முறை நடந்துவிட்டது

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழைப்பழம் என்றால் குரோ மிஷேல்தான். மத்திய அமெரிக்காவில் காடுகளை அழித்துக் கம்பெனிகள் இந்த ஒரே ரகத்தை நட்டன. தோல் தடிமன் என்பதால் தாரை அப்படியே கப்பலில் அடுக்கலாம், நசுங்காது.

1874-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பக்கம் முதன்முதலில் கவனிக்கப்பட்ட ஒரு வாடல் நோய் இந்தத் தோட்டங்களில் இறங்கியது. பனாமாவில் பெரிய அழிவு நடந்ததால் அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டு ‘பனாமா வாடல்’ ஆயிற்று. காரணம் ஃபியூசேரியம் என்ற மண்பூஞ்சை. தோட்டம் செத்தால் கம்பெனி அதைக் கைவிட்டுப் பக்கத்துக் காட்டை வெட்டி மறுபடியும் அதே குரோ மிஷேலை நட்டது. நோயும் கூடவே போனது. 1950-களிலும் 60-களிலும் வேறு வழியில்லாமல் கேவண்டிஷ் என்ற ரகத்துக்கு மாறினார்கள். இது இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் கண்ணாடிக் குடிலில் 1830-களில் வளர்க்கப்பட்டு, அவருடைய குடும்பப் பெயரைப் பெற்ற வாழை. நம்மூரில் மோரிஸ், ரொபஸ்டா, ஜி9 என்று விற்பவை எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

கேவண்டிஷுக்கு மெல்லிய தோல். தாராக ஏற்றினால் கறுத்துவிடும். அதனால் தோட்டத்திலேயே சீப்பாக வெட்டி, கழுவி, அட்டைப்பெட்டியில் அடைக்கும் முறை வந்தது. ஒரு பூஞ்சைக்காகக் கப்பல் முதல் கடைவரை மொத்த வியாபாரமும் மாறியது. மாறாதது ஒன்றே ஒன்று: ஒரு குளோனை எடுத்துவிட்டு இன்னொரு குளோனை வைத்தார்கள்.

ஒரு திருத்தம். குரோ மிஷேல் “அழிந்துவிட்டது” என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அழியவில்லை. தாய்லாந்தில் ‘ஹோம் தாங்’ என்ற பெயரில் அதையே இன்றும் சாப்பிடுகிறார்கள். அழிந்தது, அதை மட்டுமே நம்பிய ஏற்றுமதிப் பண்ணை முறை.

## பூஞ்சைக்கும் ‘இனங்கள்’ உண்டு

செய்திகளில் வரும் டிஆர்4 என்பது என்ன என்று இப்போது பார்க்கலாம். வாழையைத் தாக்கும் ஃபியூசேரியத்தை, அது எந்த ரகத்தைச் சாய்க்கிறது என்பதை வைத்து இனங்களாகப் பிரிக்கிறார்கள்.

1. இனம் 1: குரோ மிஷேல், ரஸ்தாளி, கற்பூரவள்ளி ஆகியவற்றைத் தாக்கும். கேவண்டிஷும் பூவனும் இதற்கு அசைந்து கொடுப்பதில்லை.
2. இனம் 2: ‘புளூகோ’ போன்ற சமையல் வாழைகளுக்கு எதிரி.
3. இனம் 4: கேவண்டிஷையும் வீழ்த்தும். இதில் ஒரு வகை, குளிரில் தளர்ந்த கேவண்டிஷை மட்டும் தாக்கும். மற்றொரு வகைக்குக் குளிர் தேவையில்லை. நல்ல வெயிலில் செழித்து நிற்கும் மரத்தையே பிடிக்கும். அதுதான் வெப்பமண்டல இனம் 4, சுருக்கமாக டிஆர்4. இனம் 1-க்கும் 2-க்கும் இரையாகும் பல ரகங்களையும் இது விட்டுவைப்பதில்லை.

விட்டுப்போன 3 எங்கே என்று கேட்பவர்களுக்கு: அது ஹெலிகோனியா என்ற அலங்காரச் செடியின் நோய். வாழைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

1960-களின் கடைசியில் தைவானில் கேவண்டிஷ் வாடத் தொடங்கியது. 1990-களில் இந்தோனேசியா, மலேசியா, ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதி. 2013-இல் ஜோர்டானிலும் மொசாம்பிக்கிலும் இருப்பது தெரியவந்தது. 2019-இல் கொலம்பியா, 2021-இல் பெரு. தென் அமெரிக்காவில் அது கால் வைத்ததும்தான் “வாழை அழிகிறது” என்ற தலைப்புகள் பெருகின. உலக வாழை ஏற்றுமதி ஏறத்தாழ முழுவதும் கேவண்டிஷ், அதில் பெரும்பகுதி லத்தீன் அமெரிக்காவிலிருந்து போகிறது. இந்தியாவில் பீகாரின் கட்டிஹார், பூர்ணியா மாவட்டங்களில் கேவண்டிஷ் தோட்டங்களில் டிஆர்4 இருப்பது 2010-களின் பிற்பாதியில் உறுதியானது.

வேடிக்கை என்னவென்றால், பல நாடுகளில் எடுத்த டிஆர்4 மாதிரிகளின் மரபணுவைப் படித்தபோது அவையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஒரு குளோனை இன்னொரு குளோன் துரத்துகிறது.

## வயலில் அது எப்படி இருக்கும்?

வாடல் பிடித்த வாழையில் முதலில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லையோ, உரம் குறைச்சலோ என்றுதான் தோன்றும். அப்புறம் இலைக்காம்பு தண்டை ஒட்டிய இடத்தில் மடங்கி, காய்ந்த இலைகள் பாவாடை கட்டியதுபோலத் தண்டைச் சுற்றித் தொங்கும். நடுக்குருத்து மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக விறைத்து நிற்கும். தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடிக்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் கிழங்கைக் குறுக்கே வெட்ட வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் வளையம் கட்டியிருக்கும். பூஞ்சை ஏறி அடைத்த சாற்றுக் குழாய்கள் அவை. வேர் உறிஞ்சுகிறது, தண்ணீர் மேலே போக வழியில்லை. ஈர மண்ணில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் சாகிறது.

இதற்குத் தெளிக்க மருந்து இல்லை. பூஞ்சை மண்ணுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் இருக்கிறது. வாழை செத்த பின் தடித்த உறை போட்ட வித்துக்களாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் காத்திருக்கும். கன்றோடு போகும், வாய்க்கால் தண்ணீரோடு போகும், மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணோடும் போகும். பழத்தைச் சாப்பிடுபவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் செய்தி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் பழம் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்.

## பெயர் நிறைய, பன்மை குறைவு

இந்தியா ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் வாழை விளைவிக்கிறது. உலகில் முதலிடம். பெரும்பகுதி உள்ளூரிலேயே சாப்பிடப்படுகிறது. ரகங்களும் ஏராளம். அதனால் நமக்குக் கவலையில்லை என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு உண்மை. ஆனால் பெயர்களை எண்ணிப் பன்மையை அளந்துவிட முடியாது.

தமிழ்நாட்டின் ரஸ்தாளி, கர்நாடகத்தின் நஞ்சன்கூடு ரசபாளே, பீகாரின் மால்போக் என்று மூன்று மாநிலத்தில் மூன்று பெருமைகள். மூன்றும் ‘சில்க்’ என்ற ஒரே துணைக்குழு. மூன்றையும் ஒரே வாடல் நோய்தான் அரித்துக்கொண்டிருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிய நஞ்சன்கூடு ரசபாளே, பெயர் தாங்கிய ஊர்ப் பக்கத்திலேயே தேடிப் பிடிக்க வேண்டிய நிலைக்குப் போனது இதனால்தான். நம்முடைய பூவன், கேரளத்தின் பாளையங்கோடன், இலங்கையின் ஆம்புல் மூன்றும் அதேபோல ஒரே குழு. கேரளத்தில் ரஸ்தாளியைப் பூவன் என்று சொல்லும் இடங்களும் உண்டு. கன்று வாங்கப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆக, ஒரு தோட்டத்தில் ரஸ்தாளியும் பூவனும் இருந்தால் அது உண்மையான பன்மை. ரஸ்தாளியும் மால்போக்கும் இருந்தால் பெயர்ப்பலகை மட்டுமே இரண்டு.

## எதிர்ப்பு காட்டில் இருக்கிறது, பழம் வீட்டில் இருக்கிறது

இந்த விஷயத்தின் மையம் இங்கேதான். வாழை இனத்தில் டிஆர்4-ஐத் தாங்கும் மரபணு இல்லாமல் இல்லை. மலேசியப் பகுதிக் காட்டு வாழையான அக்யூமினாட்டா மலாக்கென்சிஸ் அதைத் தாங்குகிறது. 2012-இல் முதன்முதலாக முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட வாழை இந்தக் கிளையைச் சேர்ந்ததுதான். கல்கத்தா தாவரவியல் பூங்கா வழியாக உலகம் சுற்றியதால் ‘கல்கத்தா 4’ என்று பெயர் பெற்ற இன்னொரு காட்டு வாழை, இலையைக் கருக்கும் கறுப்புச் சிகடோகா நோயைத் தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால் இவை விதை நிறைந்த, தின்ன முடியாத பழங்கள். தின்னக்கூடிய பழத்துக்கோ பாலுறவே இல்லை. ஒன்றிலிருப்பதை மற்றொன்றுக்குக் கொண்டுபோவது எப்படி?

மூன்று தொகுதிச் செடியும் அபூர்வமாக ஒரு சூலைப் பிரிக்காமல், 33-ஐயும் அப்படியே வைத்த சூலாக விட்டுவிடுவதுண்டு. அந்தத் தவறைத்தான் வளர்ப்பாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

1. பெண் செடியின் பூமடல் விரியும் காலையில், காட்டு ரகத்தின் மகரந்தத்தை ஒவ்வொரு பூவிலும் கையால் தடவுகிறார்கள். மடல் நாளுக்கு ஒன்றாக விரியும், அதனால் ஒரே தாருக்குப் பல நாள் ஏணி போட்டு ஏற வேண்டும்.
2. தார் பழுத்ததும் பழங்களை உரித்துப் பிசைந்து சல்லடையில் அரிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பழங்களில் ஓரிரு விதை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.
3. கிடைத்த விதையை மண்ணில் போட்டால் பெரும்பாலும் முளைக்காது. ஆய்வகத்தில் விதையைப் பிளந்து கருவை மட்டும் எடுத்து ஊட்டக் கரைசலில் வளர்க்கிறார்கள்.
4. பிழைத்து வருவது நான்கு தொகுதிச் செடி: தாயின் மூன்று, தந்தையின் ஒன்று. இதற்கு விதை வைக்கும் ஆபத்து உண்டு. அதனால் மறுபடியும் இரண்டு தொகுதிச் செடியோடு கலந்தால் பழையபடி மூன்று, விதையற்றது.
5. ஒவ்வொரு செடியும் வளர்ந்து தார் தள்ள ஓராண்டுக்கு மேல். அப்புறம்தான் ருசி, தோல், நோய் எல்லாம் தெரியும். பெரும்பாலானவை குப்பைக்குப் போகும்.

இதில் இன்னொரு வம்பும் உண்டு. பால்பிசியானாவின் குரோமோசோமுக்குள்ளேயே வாழைக் கீற்று வைரஸின் மரபணுத் துண்டுகள் பதுங்கியிருக்கின்றன. கலப்புச் செய்யும்போதோ திசு வளர்ப்பின்போதோ (செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் வளர்த்து நகல் எடுப்பது) அவை விழித்துக்கொண்டு, வெளியிலிருந்து தொற்றே இல்லாமல் நோய் உண்டாக்கிவிடும்.

இத்தனையையும் மீறி ரகங்கள் வந்திருக்கின்றன. ஹோண்டுராஸில் ஒரு பழக் கம்பெனி 1959-இல் தொடங்கிய வளர்ப்புத் திட்டம், 1984-இல் அந்நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமான எஃப்எச்ஐஏ-வுக்குக் கைமாறி, ‘கோல்ட்ஃபிங்கர்’ என்ற எஃப்எச்ஐஏ-01-ஐத் தந்தது. நோய் தாங்கும், தார் பெரிது. ருசியில் கொஞ்சம் ஆப்பிள் வாடை. கேவண்டிஷுக்குப் பழகிய நாக்குகள் அதை ஏற்கவில்லை. கியூபா அதே திட்டத்தின் ரகங்களைப் பெரிய அளவில் நட்டது. உகாண்டாவில் மட்டோக்கே என்ற சமையல் வாழையைக் கல்கத்தா 4-உடன் கலந்து ‘நரிட்டா’ வரிசை வந்தது. இந்தியாவில் 1949-இலேயே ஆடுதுறை மத்திய வாழை ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு வேலை தொடங்கியது. லாடன், காட்டுப் பால்பிசியானா, கதளி மூன்றையும் சேர்த்து, மலையில் விளையும் விருப்பாட்சியின் ருசியைச் சமவெளிக்குக் கொண்டுவரத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியது கோ 1. 1993-இல் திருச்சியில் அமைந்த தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான ரகங்களை வயலில் உயிரோடு காத்துவருகிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரத்தில் 1500-க்கு மேற்பட்ட மாதிரிகள் சோதனைக் குழாயிலும், மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனிலும் இருக்கின்றன.

இப்படி மரபணு வங்கியில் இருக்கும் பன்மை நல்லதுதான், ஆனால் வயலில் நிற்கும் ஜி9-க்கு அதனால் இன்றைக்கு ஒரு பயனும் இல்லை.

## இரண்டு குறுக்குவழிகள்

தைவான் எடுத்த வழி எளிமையானது. திசு வளர்ப்பில் லட்சக்கணக்கில் நகல் எடுக்கும்போது சிலவற்றில் தற்செயலாக மாற்றம் ஏற்படும். வழக்கமாக அவற்றைக் கழித்துக்கட்டுவார்கள். தைவான் வாழை ஆராய்ச்சி நிலையம் அவற்றைக் கொண்டுபோய் நோயுள்ள மண்ணில் நட்டுப் பார்த்தது. பெரும்பாலானவை செத்தன, சில தாங்கின. ‘ஃபார்மோசானா’ அப்படி வந்த கேவண்டிஷ். இது முழு எதிர்ப்பு அல்ல, நோய் குறைவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். தார் வர நாளும் கூடுதல். ஆனாலும் பிலிப்பைன்ஸ் விவசாயிகள் அதை வைத்து ஓட்டுகிறார்கள்.

அடுத்தது ஆஸ்திரேலியா. குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் குழு, மலாக்கென்சிஸ் காட்டு வாழையிலிருந்து ஆர்ஜிஏ2 என்ற எதிர்ப்பு மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் வைத்தது. டிஆர்4 நிறைந்த வயலில் மூன்றாண்டு சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டது. ‘க்யூகேவ்-4’ என்ற அந்த ரகத்துக்கு 2024 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. வாட்ஸ்அப்பில் வந்தது இதுதான். ஆனால் உடனே சந்தைக்கு விடும் திட்டத்தோடு வாங்கிய அனுமதி இல்லை. நிலைமை கைமீறினால் எடுத்துக்கொள்ள ஒரு பாதுகாப்பு.

சுவையான செய்தி ஒன்று: இந்த ஆர்ஜிஏ2 சாதாரணக் கேவண்டிஷிலும் இருக்கிறது. ஆனால் தூங்குகிறது, மிகக் குறைவாகவே வேலை செய்கிறது. வெளியிலிருந்து எதையும் வைக்காமல் அதைத் தட்டி எழுப்ப முடியுமா என்பது அடுத்த ஆராய்ச்சி.

மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா என்ற சண்டையில் ஒரு கேள்வி அடிபட்டுப் போகிறது. ஒரே எதிர்ப்பு மரபணுவை ஒரே குளோனில் வைத்து உலகம் முழுக்க நட்டால் என்ன ஆகும்? பூஞ்சை அந்த ஒரு பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டால் போதும். கேவண்டிஷே ஒரு காலத்தில் “நோய் தாங்கும் ரகம்” என்று வந்ததுதான். குறுக்குவழியில் தப்பில்லை, ஆனால் அதை மட்டும் நம்பினால் குரோ மிஷேல் கதையின் மூன்றாம் பாகத்தைத்தான் எழுதுவோம்.

பப்பாளி இதற்கு ஒரு மறுபக்கம் காட்டுகிறது. அது விதையில் வளரும், ஓராண்டுக்குள் காய்க்கும், பன்மைக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் வளையப் புள்ளி வைரஸைத் தடுக்கும் மரபணு பப்பாளி இனத்துக்குள் கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் தென் அமெரிக்க மலைப்பகுதியின் தூரத்து உறவுகளில், எளிதில் கலப்புக்கு வராதவற்றில். ஹவாயின் பூனா பகுதிக்கு 1992-இல் வைரஸ் வந்து தோட்டங்களைக் காலி செய்தது. வைரஸின் மேலுறைப் புரத மரபணுவையே செடிக்குள் வைத்து உருவாக்கிய ‘ரெயின்போ’ 1998-இல் வந்து அந்தத் தொழிலைக் காப்பாற்றியது.

## எதிர்ப்பே கிடைக்காத நோய்: மலைவாழையின் கதை

பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாட்சிதான் வேண்டும். நீர்ச்சத்து குறைவு, பிசைந்தால் நீர்த்துப் போகாது. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் காப்பிக்கு நடுவே மானாவாரியாக வளர்ந்த வாழை இது. 1970-களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேர் இருந்த மலைவாழை பின்னாளில் 2,000 ஹெக்டேருக்குச் சுருங்கியது. முக்கியக் காரணம் முடிக்கொத்து நோய். 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளம் வழியாக வந்ததாகக் கருதப்படும் வைரஸ். வாழை அசுவினி சுமந்துபோய்ப் பரப்பும். இலைகள் சிறுத்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், தார் வராது.

இந்த வைரஸை உறுதியாகத் தடுக்கும் ரகம் வளர்ப்பாளர் கையில் இல்லை. அதனால் இங்கே வேலை வேறு மாதிரி: மரத்தின் குருத்து நுனியில் வைரஸ் எட்டாத சில செல்களை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, சோதித்து, சுத்தமான கன்றாக மலைக்குத் திருப்பி அனுப்புவது. 2008-இல் விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டால் அசுவினியை நிறுத்த முடியாது. பழைய தோட்டத்து நோய்க் கட்டைகளை அகற்றாமல் சுத்தமான கன்று நட்டவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டில் பழைய கதைதான்.

இங்கே நிறையப் பேர் குழம்பும் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். திசு வளர்ப்புக் கன்று என்றால் நோய் இல்லாத கன்று, நோய் தாக்காத கன்று அல்ல. சுத்தமான ஜி9 கன்றை டிஆர்4 மண்ணில் நட்டால் அதுவும் வாடும்.

## சிறு விவசாயியின் கணக்கு

2015-இல் குயின்ஸ்லாந்தின் டல்லி பகுதியில் ஒரு பண்ணையில் டிஆர்4 தென்பட்டபோது, வாழை விவசாயிகளின் அமைப்பே அந்தப் பண்ணையை விலைக்கு வாங்கி, மரங்களை அழித்து மூடியது. பக்கத்துப் பண்ணைகளில் வாசலில் செருப்புக் கழுவும் தொட்டி, வண்டிச் சக்கரம் கழுவும் மேடை. நூறு ஏக்கர், சுற்றிலும் வேலி உள்ள இடத்தில் இது நடக்கும். ஒரே வாய்க்காலில் வரிசையாக இருபது பேர் தண்ணீர் கட்டும் ஊரில், ஒரே தார் வெட்டும் ஆட்கள் காலையில் ஒரு தோட்டம், மதியம் இன்னொரு தோட்டம் என்று போகும் ஊரில், மண்ணைத் தடுத்து நிறுத்துவது நினைத்துப் பார்க்கக்கூடக் கஷ்டம். அதனால் நம் பக்கம் செடிக்குள் இருக்கும் எதிர்ப்புக்கு மதிப்பு அதிகம்.

ரஸ்தாளி வைப்பவர்கள் இனம் 1-உடன் பல ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்திப் பழகியவர்கள். ஒரு போகம் வாழை எடுத்ததும் மறுதாம்பு விடுவதில்லை, அதாவது தார் வெட்டிய மரத்தின் கன்றையே அடுத்த பயிராக வளர விடுவதில்லை. அடுத்து நெல் நடுவார்கள், வயலில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சை குறையும். கன்றை வாடல் இல்லாத வயலிலிருந்து பார்த்து எடுப்பார்கள். வாடல் மிஞ்சிப்போன வயலில் ரஸ்தாளியை விட்டுப் பூவனுக்கு மாறுவார்கள். மரபணுப் பன்மையை நடைமுறையில் பயன்படுத்துவது என்றால் இதுதான், பெயர் சொல்லிச் செய்யாவிட்டாலும்.

ஜி9 கணக்கு வேறு. எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் தள்ளும், எடை நிற்கும், வியாபாரி ஒரே நடையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். கன்று விலையும் சொட்டுநீர்க் குழாய்ச் செலவும் தேற வேண்டுமென்றால் முதல் தாரோடு நிறுத்த முடியாது, மறுதாம்பும் விட்டாக வேண்டும். அதாவது அதே மண்ணில் அதே குளோன் இரண்டு மூன்று ஆண்டு. இடையில் ஒரு வரிசை நேந்திரனோ பூவனோ வைக்கலாமே என்று கேட்டால், அந்தத் தாரைத் தனியாக வெட்டி வாங்க ஆள் யார் என்ற கேள்வி திரும்பி வரும். இந்தக் கேள்விக்குப் பதில் ஆய்வகத்தில் இல்லை. வாழை மண்டியில், கிலோவுக்கு என்ன விலை போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.